ஞாயிற்றுக்கிழமை வருமானம்

எங்கள் தெருவின் வருமானம் உயர்ந்துவிட்டது என்ற நல்ல செய்தி, வேன் நின்றுபோனபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

ஹால்ஸ்டன் தெரு அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் வட பக்கத்தில், கறுப்பர்கள் வாழும் பகுதியில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் ஒரு வெள்ளை வேன் வந்து அலோன்சோ பெட்வேயின் வீட்டு வாசலில் நிற்கும். அவர் மனைவி வெர்லினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஊரின் தென்கோடியில் இருந்த டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அவர் அடுத்த இரண்டு நாளைக்கு மனுஷியாக நடமாட முடியும். வேனுக்குக் காசு கிடையாது. ‘குறைந்த வருமானப் பகுதி’ என்று எங்கள் தெருவுக்கு ஒரு பட்டம் இருந்தது. அந்தப் பட்டத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்த வேன்தான்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை வேன் வரவில்லை. கதவிடுக்கில் பளபளப்பான அட்டை ஒன்று செருகியிருந்தது. நான் பக்கத்து வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனை அலோன்சோ வேலியோரம் வந்து நிறுத்தினார்.

“ரோஸ்கோ, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எனக்குப் படிக்க வருது, நம்பத்தான் வரல.”

‘வாழ்த்துகள். உங்கள் பகுதி மீண்டுவிட்டது. இனி உங்களுக்கு உதவி தேவைப்படாது’ என்று போட்டிருந்தது. கீழே சிரிக்கிற குடும்பம் ஒன்றின் படம். கறுப்பு அப்பா, வெள்ளை அம்மா, எந்த நிறமென்று முடிவுசெய்ய முடியாத ஒரு குழந்தை, ஒரு நாய். நாயை மட்டும் எங்கள் தெருவில் பார்த்த ஞாபகம் இருந்தது.

“எப்ப மீண்டுச்சு?” என்றார் அலோன்சோ. “நான் நாள் பூரா வீட்லதான இருக்கேன். நேத்துகூட கூரை ஒழுகிச்சே.”

வெர்லின் கோட்டு மாட்டி, பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் தயாராக நின்றிருந்தார். புருஷனைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

“பெட்வே, நாம பணக்காரங்க ஆயிட்டோம்னா மொதல்ல அந்த அடுப்ப மாத்துய்யா. ரெண்டு பர்னர்தான் எரியுது.”

சிரித்தோம். அன்றைக்கு நான் லீவு சொல்லிவிட்டு அவரை என் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். தினமும் அப்படிச் செய்ய முடியாது. பள்ளிப் பேருந்து புறப்படுகிற நேரமும் டயாலிசிஸ் நேரமும் ஒன்று. அலோன்சோ ஆயுசில் பாதியைக் கார்த் தொழிற்சாலையில் கதவு மாட்டியே கழித்தவர், ஆனால் அவருடைய ப்யூக் கார் கியர் பெட்டி போய்ப் பின்கட்டில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. டவுன் பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். போகும்போது எப்படியோ போய்விடலாம். ரத்தத்தை எடுத்துத் திருப்பி விட்ட பிறகு வெர்லினுக்குக் கால் துணி மாதிரித் துவண்டுவிடும். அந்தக் காலோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பதென்பது நடக்கிற காரியமில்லை.

எங்களை மீட்டவர்கள் யார் என்று அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது. அக்கம்பக்கச் சமநிலை மையம். அது அரசாங்கமும் இல்லை, தர்ம ஸ்தாபனமும் இல்லை, இரண்டின் கெட்ட குணமும் அதற்கு உண்டு. எந்தப் பகுதியில் எந்த நிறத்து ஜனம் எவ்வளவு, யாருக்கு என்ன வரும்படி என்று கணக்கெடுத்து வரைபடத்தில் வண்ணம் பூசுவார்கள். அவர்கள் பூசுகிற வண்ணத்தைப் பார்த்துத்தான் வேன் ஓடும், கிளினிக் திறக்கும், பனிக்காலத்தில் உறைபனி உருகச் சாலைக்கு உப்புப் போடுவார்கள். அடுத்த வாரமே நானும் அலோன்சோவும் அங்கே போனோம்.

பழைய செருப்புத் தொழிற்சாலை ஒன்றை இடிக்காமல் கண்ணாடி போட்டு அலுவலகம் ஆக்கியிருந்தார்கள். உள்ளே போகிறவர் வாசலில் இருக்கும் ஜாடியிலிருந்து தன் நிறத்துக்குப் பொருத்தமான ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் போட வேண்டும். அதற்குக் ‘கலவைக் கிண்ணம்’ என்று பெயர். அலோன்சோ ஒரு கல்லை எடுத்துக் கையோடு வைத்துப் பார்த்தார். வரவேற்பில் இருந்த பெண், “அது ரொம்ப லைட்டுங்க, அடுத்த ஜாடில பாருங்க” என்றாள். கிண்ணத்தில் கறுப்பும் வெள்ளையும் பாதிக்குப் பாதி இருந்தது. வெள்ளைக் கல்லெல்லாம் யார் போட்டது என்று கேட்டேன். இயக்குநர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உள்ளே போகும்போது ஒன்று போடுவார், காபிக்கு வெளியே வந்து திரும்பினால் இன்னொன்று போடுவார் என்றாள். அவருக்குக் காபி ரொம்பப் பிடிக்குமாம்.

இயக்குநர் பெயர் பிராட்ஃபோர்ட் லிண்ட்க்விஸ்ட். நல்ல உயரம், நல்ல பல்வரிசை. எங்கள் இருவர் கையையும் பற்றிக்கொண்டு சீக்கிரம் விடவில்லை. அவருக்குப் பக்கத்தில் துணை இயக்குநர் டாக்டர் கமீல் ப்ரூசார்ட் உட்கார்ந்திருந்தார். எங்களைப் போலக் கறுப்பர். அவரைப் பார்த்ததும் அலோன்சோ என்னை முழங்கையால் இடித்தார். எங்கள் தெருவிலிருக்கும் கில்கால் பாப்டிஸ்ட் சபையில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிற சிஸ்டர் கமீல் அவர்தான். கமீல் எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“வேன் ஏன் வரலன்னு கேக்கறீங்க,” என்றார் இயக்குநர். “அதையே நான் வேற மாதிரி கேக்கறேன், மிஸ்டர் பெட்வே. வேனே தேவைப்படாத ஒரு ஹால்ஸ்டன் தெருவ உங்களால கற்பனை பண்ண முடியுதா?”

“முடியுதுங்க. எங்க வீட்ல செத்துட்டா தேவைப்படாது.”

இயக்குநர் இதை ஆழ்ந்த கருத்தாக எடுத்துக்கொண்டு மெல்லத் தலையசைத்தார்.

எங்கள் தெரு எப்படி மீண்டது என்று பிறகு விளக்கினார். பழைய முறையில் ஆள் வந்து கதவைத் தட்டிக் கேட்பார்கள். எங்கள் தெருவில் யாரும் கதவைத் திறப்பதில்லை. (உண்மைதான். எங்கள் பக்கம் ஃபைலைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டுகிறவன் ஒன்று கடன் வசூலிக்க வந்திருப்பான், இல்லை பக்கத்து வீடு காலியா என்று வேவு பார்க்க வந்திருப்பான். காலி வீடென்று தெரிந்தால் மறுநாள் அதன் செங்கல்லைப் பெயர்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் ஊர்ச் செங்கல்லுக்கு வெளியூரில் கிராக்கி.) அதனால் மையம் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. ஆட்கள் தெருமுனையில் நின்று கண்ணால் பார்த்தே கணக்கெடுப்பார்கள். நிற்கிற கார் என்ன மாடல், நடக்கிறவர் போட்டிருக்கிற துணி என்ன தரம், இதை வைத்து வருமானத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

“வேலை நாள்ல பார்த்தா தப்பாப் போகும். எல்லாரும் யூனிஃபார்ம்ல இருப்பாங்க,” என்றார். “அதனால ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிய எடுத்துக்கிட்டோம். அந்த நேரத்துலதான் மனுஷன் தன்னோட உண்மையான நிலைமைல இருப்பான்.”

நானும் அலோன்சோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்பது வட பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கில்காலில் ஆராதனை. அந்தச் சபையில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரு காலத்தில் எங்கள் தெருவில் இருந்துவிட்டு, கையில் காசு சேர்ந்ததும் ஊருக்கு வெளியே புல்தரை வைத்த வீடு வாங்கிப் போனவர்கள். வீட்டைத்தான் மாற்றினார்கள், சபையை மாற்றவில்லை. ஞாயிறு தவறாமல் வருவார்கள். தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் முட்டிக்கொண்டு நிற்கும். ஆண்கள் மூன்று துண்டு சூட்டு. பெண்கள் தலையில் வைத்திருக்கும் தொப்பியின் விலைக்கு என் ஒரு மாத வாடகை சரியாக இருக்கும். ஒரு மணிக்கு ஆசீர்வாதம் சொன்னதும் அத்தனை பேரும் கிளம்பிவிடுவார்கள். அதன்பிறகு தெருவில் மிஞ்சுவது நாங்களும் செங்கல் போன வீடுகளும்தான்.

அலோன்சோ இதை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னார். கடைசியில், “அவங்கல்லாம் இங்க இருக்கறவங்க இல்லீங்க. வந்துட்டுப் போயிடுவாங்க” என்றார்.

“வர்றத நாங்க பார்த்தோம்,” என்றார் இயக்குநர். “போறத எங்க முறைல அளக்கறதில்ல. பன்னெண்டு மணிக்கு எங்க ஆளுங்களுக்குச் சாப்பாடு.”

“அட்டைல வெள்ளைக்காரங்க பதினோரு சதவீதம்னு போட்டிருக்கே,” என்று நான் கேட்டேன். “எங்க தெருவுல ஒரே ஒரு வெள்ளைக்காரர்தான். கடைசி வீட்டுக் கிழவர் ஹோல்ஷர். அவர் எங்களுக்கெல்லாம் முன்னாடியிருந்து அங்கயே இருக்காரு. மத்தவங்க யாரு?”

இயக்குநருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஹோல்ஷர் இதுவரை யார் தட்டியும் கதவைத் திறக்காததால் பழைய கணக்கில் அவர் இல்லை. எனவே இவர்கள் கணக்கில் அவர் புதிதாகக் குடிவந்தவர். தம்பதியாக இருக்கலாம் என்று ஊகித்து இரண்டாக எழுதியிருந்தார்கள். மீதிப் பேரையும் வரைபடத்தில் காட்டினார். தெருவின் வடமுனையில் சிலர், தென்முனையில் சிலர், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அவருடைய சொந்த ஆட்கள். வடமுனைக்காரர்கள் தென்முனையில் இருப்பவர்களை எண்ணியிருக்கிறார்கள், தென்முனைக்காரர்கள் வடமுனையில் இருப்பவர்களை.

“அது நீங்க அனுப்பின ஆளுங்க இல்லையா?” என்றார் அலோன்சோ.

“அவங்க அங்க இருந்தது உண்மையா, இல்லையா?”

“உண்மைதான்.”

“அவ்ளோதான். இனத்தப் பார்த்து ஒருத்தர எண்ணாம விடறத இந்த மையம் செய்யாது.”

அலோன்சோ பொறுமையாக, என் வீட்டுக்கு வந்து பாருங்கள், என் பென்ஷன் எவ்வளவு என்று நானே சொல்கிறேன், அதை வைத்து இரண்டு பேர் சாப்பிடுகிறோம், வேன் மட்டும் விட்டால் போதும் என்றார். கும்பிடாத குறை.

“உங்க கஷ்டம் புரியுது,” என்றார் இயக்குநர். “ஆனா நாங்க ஏழைங்களத் தேடல, மிஸ்டர் பெட்வே. போக்கத் தேடறோம். ஏழை இருந்த இடத்துலயே இருப்பான். போக்குதான் நகரும். நன்கொடை குடுக்கறவங்களுக்கு நகர்ற விஷயத்தத்தான் காட்ட முடியும்.”

வெளியே வராந்தாவில் கமீல் எங்கள் பின்னால் வேகமாக வந்தார்.

“பிரதர் பெட்வே, மன்னிச்சுக்கங்க. இங்க நான் டாக்டர் ப்ரூசார்ட்.”

“சரிங்க டாக்டர். ஒவ்வொரு ஞாயிறும் எங்க கேட்ட மறிச்சு ஒரு வெள்ளி கலர் கார் நிக்குதே, அது உங்களுதுதான?”

“ஆமா.”

“அது என் வருமானத்துல ஏறியிருக்குங்க.”

“தனி ஆளோட விவரத்த முறை பார்க்கறதில்ல,” என்றார் கமீல். அப்படிச் சொல்லும்போது தரையைத்தான் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மறு பார்வை கேளுங்க. நவம்பர்ல ரெண்டாவது ஞாயிறு போடச் சொல்றேன். அன்னிக்கு மட்டும் தெரு இருக்கற மாதிரி இருந்துட்டா போதும், வேன் திரும்பி வந்துரும்” என்றார்.

தெரு இருக்கிற மாதிரி இருக்க வேண்டும். இதைவிடச் சுலபமான காரியம் உண்டா என்று நாங்களும் நம்பிக்கொண்டு வந்தோம்.

அன்று சாயங்காலமே சபைக்குப் போய் பாஸ்டர் ஹோசியா கேய்தரைப் பார்த்தோம். அவர் பெரிய மனிதர், உருவத்திலும்தான். அலோன்சோ கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒரு ஞாயிறு மட்டும் சபையார் காரை நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டுச் சாதாரண உடுப்பில் நடந்து வந்தால் போதும்.

பாஸ்டர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணினார். அல்லது யோசித்தார்.

“பிரதர், சிஸ்டர் வெர்லினுக்காக நான் முழங்கால்ல நிக்காத நாள் இல்ல. ஆனா அந்த ஞாயிறு என்ன நாள் தெரியுமா?”

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் சொன்ன கமீலும் மறந்திருக்க வேண்டும். பாஸ்டரின் ஆண்டு விழா. அவர் சபைக்கு வந்த நாளை வருஷா வருஷம் கொண்டாடுவோம். அக்கம்பக்கத்துச் சபைகள் பாடகர் குழுவோடு கிளம்பி வரும். விசேஷ காணிக்கை எடுப்பார்கள். போன வருஷக் காணிக்கையில்தான் பாஸ்டர் புதுக் கார் வாங்கினார்.

“அத ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாங்களா?”

“நாளக் குறிச்சது நான் இல்ல பிரதர், கர்த்தர்,” என்றார் பாஸ்டர். “அச்சடிச்சும் ஆச்சு.”

இருந்தாலும் அவர் நல்லவர். ஆராதனை முடிவில் சபையாரிடம் சொல்லிப் பார்த்தார். பெண்கள் பக்கம் ஒரே முணுமுணுப்பு. வாரம் முழுக்க இன்னொருத்தர் ஆபீசில் இன்னொருத்தர் சொன்ன உடுப்பில் இருந்துவிட்டு, ஆண்டவர் முன்னால் நிற்கிற ஒரு நாளில் பிச்சைக்காரியாக வேஷம் போடச் சொல்வதா என்று ஒரு அம்மாள் எழுந்து நின்றே கேட்டுவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அதைவிடக் கொடுமை எங்கள் பக்கத்திலேயே நடந்தது. அந்த ஞாயிறு காலையில் வெர்லின் படுக்கையறையிலிருந்து வெளியே வந்தார். லாவெண்டர் நிறத்தில் ஸ்கர்ட்டும் கோட்டும். தலையில் அதே நிறத் தொப்பி, அகலம் ஒரு சாப்பாட்டுத் தட்டு, பக்கத்தில் பெரிய ரிப்பன் பூ. மெலிந்துபோன முகத்துக்கு அது தனிக் களையாக இருந்தது.

“வெர்லின், இன்னிக்காவது வேண்டாமே,” என்றார் அலோன்சோ. “அவங்க பாத்துக்கிட்டு இருப்பாங்கம்மா.”

“பாக்கட்டும். என் உடம்புல மிஷின் ரத்தத்த எடுத்துச்சு, பேசாம இருந்தேன். இப்ப தலைல இருக்கறதயும் எடுக்கச் சொல்றியா?”

“வேன் வரணுமேன்னு சொல்றேன்.”

“நான் ஏழையாத் தெரிஞ்சாத்தான் வேன் வரும்னா வராமயே போகட்டும் போய்யா. ஆண்டவர் வீட்டுக்கு நான் கந்தல்ல போனதே கிடையாது. சோப்புக் கம்பெனில கூட்டிப் பெருக்கின காலத்துலயே போனதில்ல.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அலோன்சோ நடந்தார். தன் பங்குக்கு அவர் எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையைப் போட்டிருந்தார். வடமுனையில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் வெர்லினைப் பார்த்ததும் கையிலிருந்த எண்ணும் கருவியை நாலைந்து தடவை அழுத்தினான். அலோன்சோவையும் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டான். சட்டையைப் பார்த்துவிட்டான் என்று எனக்கு ஒரு நிம்மதி. பிறகுதான் தெரிந்தது, ‘சீமாட்டி, கூடவே வேலையாள்’ என்று குறித்திருக்கிறான்.

அன்றைக்கு நின்ற கார்களின் வரிசை மூன்று தெருவைத் தாண்டிப் போயிற்று. டிசம்பர் முதல் வாரத்தில் முடிவு வந்தது. நாங்கள் ‘மீண்ட பகுதி’ இல்லையாம். தவறுக்கு வருந்துவதாக எழுதியிருந்தார்கள். நாங்கள் ‘செழிப்பான பகுதி’.

விழா எடுத்தார்கள். காலி மனையில் கூடாரம் போட்டு, கம்பத்தில் பலகை அடித்து, சின்னச் சின்னப் பாலாடைக்கட்டித் துண்டில் குச்சி குத்தி வைத்தார்கள். எங்கள் ஆட்கள் பன்றிக்கறியைச் சுட்டு எடுத்து வந்தார்கள். இயக்குநர் அதை ரசித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசினார்.

“அம்பது வருஷமா இந்தத் தெருவுல வறுமைய ஒழிக்க என்னென்னவோ பண்ணாங்க. வேலை குடுத்துப் பார்த்தாங்க, வீடு கட்டிப் பார்த்தாங்க. ஒண்ணும் நகரல. நாங்க இந்தத் தெருவுல ஒரு ஆணிகூட அடிக்கல. எண்ணற முறைய மாத்தினோம், அவ்ளோதான். ஒரே வருஷம். இன்னிக்கு இங்க எல்லா இனத்துக்காரங்களும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க.”

அவர் கையைக் காட்டிய பக்கம் ஹோல்ஷர் கிழவர் நின்றிருந்தார். ‘புதுக் குடியிருப்பாளரை வரவேற்கிறோம்’ என்ற அட்டையை அவர் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சுவரைத் திருடர்கள் பெயர்த்துக்கொண்டு போனதில் உள்ளே இருந்த மாடிப்படி வெளியே தெரிந்தது. அதையும் இயக்குநர் விடவில்லை. இளம் தலைமுறை இப்படித் திறந்த அமைப்பைத்தான் விரும்புகிறது என்றார். புது வருஷத்திலிருந்து வீட்டு வரியும் ஏறும் என்பதைக் கடைசியில் ஒரு வாழ்த்தாகவே சொன்னார்.

தெருவின் முன்மாதிரிக் குடும்பம் என்று பெட்வே தம்பதிக்குப் பெரிய பழக்கூடை ஒன்று கொடுத்தார்கள். ஆரஞ்சும் வாழைப்பழமும். சிறுநீரகம் போனவர்கள் அந்த இரண்டையும் தொடவே கூடாது. இதயம் நின்றுவிடும்.

வெர்லின் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாழைப்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேன நிறுத்தினாங்க. இப்ப இத அனுப்பியிருக்காங்க. கையோட முடிச்சுட்டுத்தான் போவாங்க போல, ரோஸ்கோ” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் எப்போதும் அப்படித்தான், தன்னைச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைப்பார்.

ஜனவரியில் கண்ணாடி மாதிரிப் பனி உறைந்தது. செழிப்பான பகுதிக்காரர்கள் தங்கள் சாலைக்குத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்வார்கள் என்று உப்பு வண்டி எங்கள் தெருவை விட்டுவிட்டது. அதுவரை போவதற்கு டவுன் பஸ், திரும்புவதற்குக் கடன் வாங்கி டாக்ஸி என்று சமாளித்திருந்தார்கள்; இப்போது இரண்டும் ஓடவில்லை. பள்ளிக்கும் லீவு விட்டிருந்ததால் என் வண்டியில் வெர்லினை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை மேட்டில் சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை, பின்னாலேயே வழுக்கி விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. அலோன்சோ ஆம்புலன்சுக்குப் போன் மேல் போன் போட்டார்; உப்புப் போடாத தெருவுக்குள் வர முடியாது என்றார்கள். முதலில் ஒரு தடவை டயாலிசிஸ் தவறியது, பிறகு இன்னொரு தடவை. கால் வீங்கியது, பிறகு முகம். அலோன்சோ அவரைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் வந்தபோது உடலைத் தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் வந்த மாதிரி ஆயிற்று.

அவர் சாகவில்லை, சாகடித்தார்கள். அன்றைக்கு இதை வாய்விட்டுச் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை.

அடக்க ஆராதனை கில்காலில் நடந்தது. வெர்லினுக்கு அந்தச் சபையில் வேண்டாதவர்கள் கிடையாது. ஊருக்கு வெளியே போனவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள், சிகாகோவிலிருந்தும் மெம்ஃபிஸிலிருந்தும்கூட வந்தார்கள். கறுப்பு சூட்டு, வெள்ளைக் கையுறை, முகப்பு விளக்கை எரியவிட்டு வரிசையாக நிற்கும் கார்கள். பெட்டிக்குள் அவருக்கு லாவெண்டர் உடுப்பைத்தான் போட்டிருந்தார்கள். தொப்பியை அலோன்சோ தன் மடியில் வைத்துக்கொண்டார். பாடகர் குழுவில் கமீல் கண்ணீர் வழியப் பாடினார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

வெளியே வந்தபோது இரண்டு முனையிலும் மடக்கு நாற்காலிகள் இருந்தன. விசேஷ நாட்களையும் இப்போது கணக்கில் சேர்க்கிறார்களாம். சவ வண்டி கடந்தபோது ஒரு பையன் மரியாதையாக எழுந்து நின்று குல்லாவைக் கழற்றினான். கழற்றிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் கார்களை எண்ணிக்கொண்டே இருந்தான்.

மார்ச் மாதம் இயக்குநரே நேரில் வந்தார், கமீலையும் கூட்டிக்கொண்டு. அலோன்சோ அக்டோபரில் கேட்டிருந்தாரே, என் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று, அந்த விண்ணப்பம் இப்போதுதான் ஒப்புதல் ஆகியிருந்தது. நானும் அப்போது அங்கே இருந்தேன். அலோன்சோ அவர்களை உட்காரச் சொல்லி, எரிகிற இரண்டு பர்னரில் ஒன்றில் காபி வைத்துக் கொடுத்தார்.

“நீங்க சொன்னதுதான் சரி, மிஸ்டர் பெட்வே. கண்ணால பாக்கறது மட்டும் பத்தாது. உங்க வாயாலயே கேட்டுக்கறோம்,” என்றார் இயக்குநர். “போன வருஷம் உங்க வருமானம் என்ன?”

அலோன்சோ தன் பென்ஷனைச் சொன்னார்.

“இந்த வருஷம்?”

“அதேதான்.”

“வீட்ல எத்தன பேர்?”

அலோன்சோ ஜன்னல் பக்கம் பார்த்தார். தொப்பி அங்கே ஒரு முக்காலியின் மேல் இருந்தது.

“அப்ப ரெண்டு பேர்,” என்றார். “இப்ப ஒருத்தன்.”

கமீல் பேனாவை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார். இயக்குநர் நிறுத்தவில்லை. மனக்கணக்கில் கெட்டிக்காரர். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் பரவியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“ஒரு ஆளுக்கு இவ்ளோன்னு பார்த்தா, அப்படியே ரெண்டு மடங்கு. ஒரே வருஷத்துல. இந்த நகரத்துலயே இதுதான் அதிகம், மிஸ்டர் பெட்வே. கார வச்சு இல்ல, துணிய வச்சு இல்ல, உங்க வாக்குமூலம். எப்படி சாதிச்சீங்கன்னு மத்த பகுதிக்காரங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும் நீங்க.”

நான் எழுந்துவிட்டேன். அலோன்சோ என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற குரல்தான்.

“நான் ஒண்ணும் பண்ணலீங்க. வேன நிறுத்துனீங்க. அவ்ளோதான்.”

இயக்குநர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். உறைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் மெல்லக் கமீல் பக்கம் திரும்பினார்.

“வேன் நின்னுது, வருமானம் ஏறிச்சு,” என்றார். “எழுதிக்கங்க. மத்த பகுதிகள்லயும் செஞ்சு பாக்கலாம்.”

சிஸ்டர் கமீல் எழுதிக்கொண்டார்.